அந்தக் கப்பல் உடைபட வேண்டும்

என் புருஷனின் நுரையீரலைத் தின்றது ஒரு கப்பல். போர் விமானங்களை முதுகில் ஏற்றிக்கொண்டு கடல் கடலாகச் சுற்றும் விமானந்தாங்கிக் கப்பல். எந்த நாட்டுடையது என்று சொல்லமாட்டேன், சொன்னால் அதற்குப் பெருமை சேர்ந்துவிடும். அவர் பிறப்பதற்கு முன்பே கடலில் இறங்கிய கப்பல் அது. அவர் கட்டிலில் விழுந்த பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது பழைய இரும்பாக உடைபடப் போகிறது என்ற செய்தியை அவர் கண் மூடுவதற்குள் அவர் காதில் போட்டுவிட வேண்டும் என்று நான் சபதம் எடுத்திருந்தேன். சாமியிடம் நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

நாங்கள் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்து ஜனங்கள். செம்பனை வெட்ட வெளிநாட்டு ஆட்கள் வந்து சேர்ந்ததும் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் வெளி வேலை தேடிக் கிளம்பினார்கள். என் புருஷனுக்கு வெல்டிங் தெரியும். எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளி இருந்த, வேலையாட்களை மேய்க்கும் மண்டோரின் மகன், தெற்கே ஒரு கப்பல் பட்டறைக்கு ஆள் எடுக்கும் காண்ட்ராக்டர் ஆகியிருந்தான். இரண்டு பேரும் ஒன்றாகப் பந்து விளையாடி வளர்ந்தவர்கள். "எங்கூட வந்துடு தம்பி, ஒன்ன நான் பாத்துக்கறேன்லா" என்று தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனான். அவன் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் எழுதுகிறேன்.

ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கப்பல் பழுதுபார்க்க அங்கே வரும். வந்தால் இவர் வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். "கெழவி வந்துட்டா புள்ள, நான் போவணும்" என்று போனில் சொல்வார். முதல் தடவை சிரித்தேன். பிறகு தீபாவளிக்கு ஒருமுறை, மகள் வயதுக்கு வந்த சடங்குக்கு ஒருமுறை என்று கிழவி அவரைப் பிடித்து வைத்துக்கொண்டபோது சிரிப்பு போய்விட்டது. எனக்கு வாய்த்த சக்களத்தி இரும்பில் இருந்தாள்.

கப்பலின் அடித்தட்டில் நீராவிக் குழாய்கள் ஓடும். அவற்றை வெல்டு செய்வதற்கு முன், மேலே சுற்றியிருக்கும் பழைய வெள்ளைப் பொதியைக் கிழித்தெடுக்க வேண்டும். கப்பல் எவ்வளவு பழசோ பொதியும் அவ்வளவு பழசு. தொட்டால் மாவாக உதிருமாம். அதற்கென்று முகமூடி உண்டு. பட்டறையில் பெட்டி பெட்டியாகக் கொடுத்தார்கள். மண்டோர் மகன் அவற்றைப் பூட்டி வைத்துவிட்டு, அதிகாரி பார்வையிட வரும் நாளில் மட்டும் வெளியே எடுத்துக் கொடுப்பான். அதிகாரி படியிறங்கியதும் திரும்ப வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வான். மற்ற நாட்களில் 'குட் மார்னிங்' என்று அச்சடித்த மெல்லிய துண்டுதான். செம்பனைக்கு மருந்தடித்தபோது எங்கள் ஆட்கள் மூக்கில் கட்டிக்கொண்ட அதே வெள்ளைத் துண்டு. நனைத்துக் கட்டினால் எந்தத் தூசியும் உள்ளே போகாது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. நானே இரண்டு டஜன் வாங்கி, துவைத்து, மடித்து, பையில் வைத்து அனுப்பினேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

முதலில் இருமல் வந்தது. சளி என்று நினைத்து ஓமவல்லிச் சாறு கொடுத்தேன். பிறகு ஜெராமுக்கு மீன் வாங்கப் போன இடத்தில், காரிலிருந்து கடைக்கு நடப்பதற்குள் இரண்டு தடவை நின்றார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எங்கே வேலை செய்தார் என்றுதான் முதலில் கேட்டார். அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, வருடக்கணக்காக உள்ளேயே இருந்து இறுக்கும், திருப்ப முடியாது என்றார். அதற்கப்புறம் மூக்கில் குழாய், கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அது போடும் சத்தத்தோடு நாங்கள் வாழப் பழகினோம்.

ஷா ஆலமில் வேலை பார்க்கும் என் மகள் கப்பலைப் பற்றி வரும் செய்தியை எல்லாம் எனக்கு அனுப்புவாள். "மா, இந்தத் தடவ கன்ஃபர்ம் ரிட்டயர் பண்றாங்க" என்பாள். நான் பூசை அறையில் விளக்கேற்றுவேன். சில மாதம் கழித்து, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டப் போகிறார்களாம் என்று அடுத்த செய்தி வரும். புது வர்ணம் அடித்தார்கள், மேல்தட்டை மாற்றினார்கள், குழாயை மாற்றினார்கள். அட பாவிகளா! ஒரு கிழட்டு இரும்புக்கு இத்தனை வைத்தியமா? என் மனுஷனுக்கு அடுத்த தேதி வாங்க நான் அந்த ஆஸ்பத்திரியில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு செய்தியையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். கப்பல் இன்னும் ஓடும் என்று சொல்லும் நாளில் வயிறெரிந்து மண்ணை வாரித் தூற்றுவேன். அவர் அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிடுவார். என்னைப் போல அவருக்கும் ஆத்திரம், அதனால் பசிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன தீபாவளிக்கு மண்டோர் மகன் ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட் டின்னுமாக வந்தான். பெரிய கார், புது ஜிப்பா. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கப்பலே இன்னும் ஓடுது தம்பி, நீ ஓடமாட்டியா?" என்று சிரித்தான். எனக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது. உள்ளே போய் ஒரு குட் மார்னிங் துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்தேன்.

"இதக் கட்டிக்குங்கண்ணே."

"என்ன தங்கச்சி வெளாட்டு இது?"

"வெளாட்டுல்ல. மூக்கு வாயி ரெண்டயும் சேத்துக் கட்டுங்க. பத்தே நிமிஷம்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் பலகாரத் தட்டோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மானம் போகுமே என்று கட்டிக்கொண்டான். நான் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நின்றேன். இரண்டாவது நிமிஷத்தில் நெற்றி வேர்த்தது. மூன்றாவதில் பிடுங்கி எறிந்துவிட்டு, "மூச்சு முட்டுது தங்கச்சி" என்றான்.

"எட்டு மணி நேரம் கட்டிக்கிட்டு நின்னாரு. வெள்ளத் தூசிக்குள்ள. ஒங்க பெட்டியில மாஸ்க் தூங்கிச்சு."

"அந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்லா..."

"பூட்டி வைக்க மட்டும் தெரிஞ்சிச்சா?"

கட்டிலிலிருந்து என் புருஷன் கையை உயர்த்தினார். "விடு புள்ள. போதும்." அவன் கொண்டுவந்த பிஸ்கட் டின்னை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான். அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

இந்த வருடம் மகளிடமிருந்து அந்தச் செய்தியும் வந்தது. கப்பல் கடைசிப் பயணத்தை முடித்துவிட்டது. இனி நீட்டிப்பு இல்லை, உடைக்கத்தான் கொடுக்கப் போகிறார்கள். படத்தில் கொடியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாலைக் காய்ச்சி, சேமியா போட்டு, முந்திரியை அள்ளிக் கொட்டிப் பாயசம் வைத்தேன். கிண்ணத்தை ஒரு கையிலும் போனை மறு கையிலும் எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னங்க, ஒங்க கெழவி செத்தா. ஒடைக்கப் போறாங்களாம். நம்ம வயித்தெரிச்சல் சும்மா விடுமா?"

அவர் போனை வாங்கிப் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "முழுசாவா?" என்றார்.

"முழுசாத்தான். துண்டு துண்டா."

அவருக்கு ஒரு வாக்கியம் பேச நாலு மூச்சு வேண்டும். அன்று நிறையப் பேசினார். வெல்டர்களுக்கு ஆளுக்கொரு எண் உண்டாம். குழாயைப் பற்றவைத்து முடித்ததும், பக்கத்தில் அந்த எண்ணை இரும்பிலேயே அடித்துப் பதிக்க வேண்டுமாம். எப்போது கசிந்தாலும் யார் செய்தது என்று தெரிய வேண்டும் அல்லவா? இவருடைய எண் நாற்பத்தொன்று. அந்தக் கப்பலின் அடித்தட்டு முழுக்க நாற்பத்தொன்றாம். ஒன்றுகூடக் கசிந்ததில்லையாம்.

"அது ஓடற வரைக்கும்... நானும் வேலைலதான் இருக்கேன்னு... நெனச்சிக்கிட்டு இருந்தேன் புள்ள" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாயசம் ஆடை கட்டிப்போனது.

அதன் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், செய்தி பொய்யாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். குழாயைத் தாமே மூக்கிலிருந்து எடுத்து விடுவார், நான் திரும்ப மாட்டுவேன். மூன்றாவது வாரம் போய்விட்டார். கப்பல் இன்னும் ஏதோ ஒரு துறைமுகத்தில் கட்டித்தான் கிடக்கிறது, உடைக்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மகள் அழுதுகொண்டே சொன்னாள்.

வாய்க்கரிசி போடும் நேரத்தில் மண்டோர் மகன் வந்து வரிசையில் நின்றான். அந்த நிமிஷத்துக்காக எத்தனையோ நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அரிசியை அள்ளும்போது மணிக்கட்டைப் பிடித்துத் தட்டிவிட வேண்டும், நீ என் புருஷன் வாயில் போட்டதெல்லாம் போதும் என்று சனத்தின் முன்னால் கேட்க வேண்டும். அவன் என் எதிரில் வந்து, "போடட்டுமா தங்கச்சி?" என்றான். கண் சிவந்திருந்தது. வாயைத் திறந்தேன். அவர் வேலை போய்விட்டது என்று, பாயசக் கிண்ணத்தோடு போய் அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னது இவன் இல்லையே.

"போடுங்கண்ணே" என்று நகர்ந்து வழி விட்டேன்.