தங்கச்சி விட்டுப்போன ஆட்டம்

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவனுக்கு நாங்கள் வைத்த பெயர் பனிமூட்டம். வீடியோ கேம் பைத்தியம். பழைய பேய் விளையாட்டுகளில் ஏன் எப்போதும் பனி மூடியிருக்கும் தெரியுமா என்று ஆரம்பித்தால் அன்றைக்கு எனக்குத் தலைவலிதான். அந்தக் காலத்து மெஷினுக்குத் தூரத்தில் இருப்பதை வரையச் சக்தி கிடையாதாம். அதை மறைக்கப் பனியைப் போட்டார்களாம். பயமே அங்கேதான் பிறந்ததாம். இப்போது வரும் கேம்களில் புல்லின் நுனிகூடத் தெரிகிறது, பயப்படத்தான் ஒன்றுமில்லை என்பான். கண் பரிசோதனைக்கு வந்தவரிடமே, எல்லாம் தெளிவாகத் தெரிந்து என்ன சார் பிரயோஜனம் என்று கேட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

புது கேம்கள் முடிவதே இல்லை என்பது அவனுடைய இன்னொரு கோபம். புது ஊர், புதுச் சட்டை, புதுத் துப்பாக்கி என்று ஜவ்வாக இழுக்கிறார்களாம். பழைய கேமுக்கு மரியாதை தெரியும், கதை தீர்ந்தால் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடும் என்பான்.

அப்படிப் பேசுகிறவன் வீட்டிலேயே முடியாத ஆட்டம் ஒன்று இருந்தது. அவன் தங்கை ஆடி வைத்தது. பழைய பங்களாவில் மாட்டிக்கொண்ட பெண் ஒருத்தி வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் கதை. அவன் அதைப் பலமுறை முடித்தவன். தங்கை மட்டும் வாசல் கூடம் வரை வந்து, அங்கிருக்கும் நிலைக்கண்ணாடி முன்னால் அந்தப் பெண்ணை நிறுத்தி, ஆட்டத்தை அந்த இடத்திலேயே சேவ் செய்து வைத்துவிட்டு, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. வாசல் கதவைத் திறந்தால் ஆட்டம் முடிந்து அந்த சேவும் அழிந்துவிடும். அதனால் லீவு நாளில் அதைப் போட்டு, நிற்கிறவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைத்துவிடுவான். தங்கை கைபட்டு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் முகம் வெளிறிப்போய்க் கடைக்கு வந்தான். கண்ணாடி முன்னால் நின்றவள் இப்போது கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள் என்றான். நீயே தூக்கக் கலக்கத்தில் நடத்தியிருப்பாய் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, நீங்க ஒரு தடவை வந்து பாருங்க."

ஞாயிறு மத்தியானம் போனேன். நல்ல வெயில், ஆனாலும் அந்த வீட்டுக்குள் ஏனோ எனக்குக் குளிர்ந்தது. எல்லா அறைக் கதவுகளும் விரியத் திறந்து கிடந்தன. மகள் இருந்தவரை ஒரு கதவையும் சாத்தியதில்லை, கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம், இப்போது எனக்கே சாத்த மனசு வரவில்லை என்றார் அவன் அம்மா.

கேமைப் போட்டான். அந்தப் பெண் கதவை ஒட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நீங்கள் தொட்டீர்களா என்று அம்மாவைக் கேட்டான்.

"பகல்ல போட்டு வச்சிட்டுக் கூட உக்காந்திருப்பேன். தனியா நிக்கிறாளேன்னுதான். நான் எதையும் தொடலப்பா. அவளேதான் நடக்கிறா."

நான் வாசல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். அவன் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டான். பழைய கன்ட்ரோலரில் ஆளை நடத்தும் குச்சி தேய்ந்துபோனால் யாரும் தொடாமலே ஆள் நகருமாம், அணைக்கும்போது நின்ற இடமே சேவ் ஆகிவிடுமாம். இதோ பாருங்கள் என்று கன்ட்ரோலரின் வயரையே பிடுங்கிப் போட்டான். அவள் அசையவில்லை. நான்கூடச் சிரித்துவிட்டேன்.

பிறகு அவள் மெல்லத் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தாள். பிடுங்கிய வயர் அவன் மடியிலேயே கிடந்தது. திரும்பவும் கதவைப் பார்த்து நின்று அதன் பிடியில் கை வைத்தாள். வெளியே போகலாமா என்று திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது.

அவன் பாய்ந்துபோய் டிவிக்குக் கீழே இருந்த மெஷினை அணைக்கப் பார்த்தான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நாள்டா அவள நிக்க வச்சிருப்ப? கால் வலிக்காதா?"

அவன் விசும்பி விசும்பி அழுதான். கேம் என்றால் முடிய வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கு இந்த ஒன்றை முடிக்கத் தெம்பில்லை. வெகுநேரம் கழித்து வயரைத் திரும்பச் செருகினான். அம்மாவின் கட்டைவிரலை எடுத்துப் பட்டன் மேல் வைத்து, தன் விரலையும் அதன்மேல் வைத்து அழுத்தினான்.

கதவு திறந்தது. வெளியே ஒரே பனி. அவள் அதற்குள் நடந்து மறைந்தாள். நாங்கள் காத்திருந்தோம். திரையில் எதுவும் மாறவில்லை.

"அக்கா, இந்தக் கதவு தானா சாத்திக்கும். சாத்தினப்புறம்தான் கேம் செஞ்சவங்க பேரெல்லாம் ஓடும். எத்தனை தடவை முடிச்சிருக்கேன், எப்பவும் அப்படித்தான்."

கதவு விரியத் திறந்தே கிடந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவ என்னிக்குடா கதவைச் சாத்தியிருக்கா?"