பொன்னுக்கு வீங்கியும் ஒரு சங்கிலியும்

பையனுக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. அதற்குள் எங்கள் ஐந்து வயது மகளுக்கு இரண்டு கன்னமும் உப்பிக்கொண்டன. பொன்னுக்கு வீங்கி. பச்சைக் குழந்தையின் பக்கம் அவளை அண்டவே விடக் கூடாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் மிரட்டி அனுப்பினார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு இருந்தது ஒரு கூடம், ஓர் உள்ளறை. கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது.

சரி, தறியையே வேலியாக்கினேன். உள்ளறையில் மனைவியும் குழந்தையும். வாசல் பக்கம் மகளும் அவள் பாயும். நடுவில் தறிக்குழியில் கால்விட்டு நெய்துகொண்டே நான் காவல். உள்ளறை வாசப்படியைத் தாண்டினால் காலை உடைப்பேன் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். பயமெல்லாம் எனக்குத்தான். இடையில் பிறந்த ஒன்றைக் காய்ச்சலுக்குக் கொடுத்திருந்தோம். இன்னொன்றைக் கொடுக்க என்னால் ஆகாது.

இந்த நோய்க்குக் கழுத்தில் பொன் போடுவது ஊர் வழக்கம். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மனைவி தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். தாலியை விட்டால் வீட்டில் இருந்த பொன் அவ்வளவுதான். மகளுக்குத் தலைகால் புரியவில்லை.

"இது இன்னாத்துக்குபா?"

"கழுத்துல தங்கம் இருந்தா நோவு கிட்ட வராதுமா. வந்த நோவும் ஓடிப்பூடும்."

மறுநாள் காலையில் தெருவில் பாவு நீட்டக் கூப்பிட்டார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், போனேன். திரும்பியபோது மனைவி கொல்லைப்பக்கம் இருந்தாள். பாயில் மகளைக் காணோம்.

தறியைச் சுற்றி ஓடினேன். உள்ளறை வாசப்படிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். பாவாடையைத் தூக்கி ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தாள். மறு கையில் தறியோரம் கிடந்த நீளக் குச்சி, அதன் நுனியில் சங்கிலி. தம்பி தூங்கிய ஏணையின் கயிற்றில் அதை மாட்டிவிடப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குச்சியைப் பிடுங்கினேன். "உன்கிட்ட இன்னா சொன்னேன்?"

"நான் வாசப்படி தாண்டலபா." வீங்கிய வாயால் மெல்லத்தான் பேச முடிந்தது. "தம்பி கழுத்துல தங்கமே இல்லியே. அதுக்கு நோவு வந்துட்டா?"

"அப்ப உனக்கு?"

"எனக்குத்தான் வந்துடுச்சே. எனக்கு வேணாம்பா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தூக்கி அணைத்துக்கொண்டேன். தறியிலிருந்து கொஞ்சம் சரிகையை அறுத்து அவள் கழுத்தில் தளர்வாகக் கட்டினேன். இதுவும் தங்கம்தான் என்றேன். சங்கிலியைக் கொதிக்கும் நீரில் போட்டெடுத்து ஏணைக் கயிற்றில் நானே மாட்டினேன். நம்பிக்கை இல்லாதவன் செய்த காரியம் அது!

பையனுக்கு ஒன்றும் வரவில்லை. இவள் கன்னமும் வடிந்தது. இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் நேரே உள்ளறைக்கு ஓடினாள். வாசப்படியில் சட்டென்று நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப தாண்டலாமாபா?"