கட்டம் மட்டும்தான் தெரியுது

களத்து ஓனர் மணியண்ணன். காய் விற்க வந்த தோட்டத்துக்காரர் செல்லமுத்து ஐயா. என் சம்சாரம் ஸ்டெல்லா. அப்புறம் நான்.

போன வியாழக்கிழமை தொண்டாமுத்தூர் தேங்காய்க் களத்தில் இருந்தது இந்த நாலு பேர். யாரும் யாரையும் நம்பவில்லை.

காரணம் ஒரு பெட்டி. ஸ்டெல்லா செய்தது. கல்யாணத்துக்கு முன்னால் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் பேனல் வயரிங் பார்த்தவள். இப்போது சின்னச் சின்ன போர்டாக வாங்கி, செல்போனில் வீடியோ பார்த்து, எதையாவது செய்துகொண்டே இருப்பாள். தகரச் சறுக்கில் தேங்காய் ஒவ்வொன்றாக உருளும். சென்சார் எண்ணும். தூணில் கட்டிய குட்டித் திரையில் நம்பர் வரும்.

களத்தில் காய் எண்ணுவது என் வேலை. அதற்கு என் பெண்டாட்டியே மெசின் செய்தால்... எனக்கே ஒரு மாதிரிதான் இருந்தது. ஏன் என்று அவளிடம் கேட்கவில்லை.

வீட்டில் முதல் தடவை போட்டபோது திரையில் ஒன்றுமே இல்லை. “பின்னாடி ஒரு திருகு இருக்குதுங்க. அதைத் திருப்பினா எழுத்து கறுக்கும், வெளுக்கும்” என்றாள். நின்றபடியே திருகினாள். எழுத்து வந்தது.

மணியண்ணன் முன்னமே சொல்லிவிட்டார். “ஒரு நாள் பாக்கலாம் ஸ்டெல்லா. ஒரு சச்சரவு வந்தாலும் பொட்டியக் கழட்டிட்டுப் போயிரோணும்.”

மூன்று மாத உழைப்பு. தலையாட்டினாள்.

செல்லமுத்து ஐயாவுக்கு சேர் போட்டோம். காய் கொண்டு வருகிறவருக்கு சேர் போடுவது களத்து வழக்கம். அவர் உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.

முந்நூறு காய் போயிருக்கும்.

“ஏனுங் மணி, எத்தனைங்க ஆச்சு?”

“அதா எழுதியிருக்குதுங்களே. முந்நூத்தி ஏழு.”

“எங்கீங்க எழுதியிருக்குது? கட்டம் கட்டமா கறுப்பாத் தெரியுது. சாதகக் கட்டமாட்டம்.”

மணியண்ணன் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை.

ஸ்டெல்லா ஓடி வந்தாள். வயரை அசைத்தாள். கரண்ட் சரியா என்று மீட்டரில் பார்த்தாள். சரி. வெயில் அடிக்குதோ என்று சாக்கைப் பிடித்து நிழல் காட்டினேன். எங்களுக்குப் பளிச்சென்று நம்பர். அவருக்குக் கட்டம்.

“கண்ணு தெரியலீங்களா ஐயா?” — நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“என்ர கண்ணுக்கு என்ன கேடு? போன மாசந்தான் ஆப்பரேசன் பண்ணிப்போட்டு வந்தேன். புருசன் காயத் தள்ளறான். பொண்டாட்டி மெசின் பண்ணறா. ஓனரு நம்பர் படிக்கிறாரு. எனக்கு மட்டும் கட்டம். நல்லா இருக்குதப்பா!”

நியாயமான சந்தேகம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் அவர் மேல் எனக்கும் ஒரு சந்தேகம் — விலை படியாமல் சாக்கு தேடுகிறாரோ? மணியண்ணன் என்னைப் பார்த்த பார்வை வேறு சரியில்லை. ஸ்டெல்லா யாரையும் பார்க்கவில்லை. பெட்டியைக் கழட்ட ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டாள்.

“காய வண்டீல ஏத்துங்கப்பா. நான் வேற களம் பாத்துக்கறேன்.” ஐயா எழுந்தார்.

அப்படியே நின்றார்.

திரையைப் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டு தோப்புக்கரணம் போடுகிறாரோ என்று பார்த்தேன்.

“இதென்றா கூத்து? எந்திரிச்சா நம்பரு. உக்காந்தா கட்டம்!”

விஷயம் அவ்வளவுதான். அந்தத் திரை நேராகப் பார்த்தால் ஒரு மாதிரி, கீழே இருந்து பார்த்தால் ஒரு மாதிரி. கறுப்பு தூக்கலாக இருந்தால், கீழே இருப்பவருக்கு வெறும் கட்டம்தான். நாங்கள் நிற்கிறவர்கள். நிற்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி திருகி வைத்துவிட்டோம். மரியாதைக்கு சேர் போட்டு, அவர் சந்தேகத்தை நாங்களே வளர்த்திருக்கிறோம்.

சரி செய்ய, அவர் உயரத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஸ்டெல்லா சேருக்குப் பக்கத்தில் முழங்காலை மடக்கி எக்கி எக்கிப் பார்த்தாள். சரிப்படவில்லை.

அந்த சேரில் எங்கள் ஆட்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. உட்காராதே என்று யாரும் சொன்னதும் இல்லை.

ஐயா தள்ளி நின்றார். “சேர்ல உக்காந்து பாரு அம்மணி. அது என்ன கடிக்கவா போவுது?”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் திருகைப் பார்த்தேன். உட்கார்ந்தாள்.

நான் திருகைப் பிடித்தேன். “திருப்புங்க... இன்னுங் கொஞ்சம்... அய்யோ, அழிஞ்சு போச்சு... பின்னாடி வாங்க... ம். நிறுத்துங்க.”

நான் நின்று பார்த்தேன். நம்பர். அவள் உட்கார்ந்து பார்த்தாள். நம்பர். அவள் எழுந்து, ஐயா உட்கார்ந்தார். நம்பர்.

முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்?

“தெரியுது. அது நெசமான்னு எப்படித் தெரியும்?” என்றார் ஐயா. “மொதல்ல இருந்து விடுங்க. திரைய மூடிப்போடுங்க. நானும் எண்ணறேன். ஒரு காய் மாறுனாலும் வண்டி திரும்பீரும்.”

“பொட்டியுந்தான்” என்றார் மணியண்ணன்.

போன காயை எல்லாம் திரும்ப வண்டியில் ஏற்றியது யார்? நான்தான். ஸ்டெல்லா பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, திரைமேல் சாக்கைப் போட்டாள். ஐயா சறுக்குப் பக்கத்தில் நின்றார். “லாபம்... ரெண்டு... மூணு...” முதல் காய்க்கு ‘ஒன்று’ சொல்வதில்லை, ‘லாபம்’தான். அப்புறம் சத்தமில்லை, உதடு மட்டும் அசைந்தது. கண் சிமிட்டவில்லை.

வண்டி காலியானது. அவர் நம்பரை வாய்விட்டுச் சொல்லவில்லை — மெசின் ஒட்டுக்கேட்டுவிடுமாம்! கரித்துண்டால் தூணில் எழுதினார்.

ஸ்டெல்லா சாக்கை எடுத்தாள்.

தூணில் 1118. திரையில் 1118.