சோனியா அடிக்க மறுத்த வார்த்தை

சோனியாவை எனக்குப் பிடிக்கும்; அவள் வாயைத்தான் பிடிக்காது. பெங்களூர் அடுகோடியில் என் தையல் கடைக்கு எதிரே ஓஸ்வால்டின் ஃப்ளெக்ஸ் கடை. அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கண்ணீர் அஞ்சலி பேனர் செய்கிறவள் அவள்தான். எங்கள் பக்கத்தில் பிணம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பேனர் தெருமுனைக்கு வந்துவிட வேண்டும். போட்டவன் யாரென்று ஊர் பார்க்க வேண்டாமா? செத்தவன் படம் ஓரத்தில் சின்னதாக இருக்கும். பேனர் கொடுத்தவன் கைகூப்பி நிற்கிற படம் அதைவிடப் பெரிதாக இருக்கும். வெட்கங்கெட்ட வழக்கம்!

வாசகமெல்லாம் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் கிடக்கும். பெயரையும் படத்தையும் மாற்றினால் வேலை முடிந்தது. அதுதான் சோனியாவுக்கு எரிச்சல். "எல்லம்மாக்கா, ஆழ்ந்த இரங்கல்ன்றாங்களே, எவன் உள்ள எறங்கி ஆழத்தை அளந்தான்?" என்பாள். டீ குடிக்க வந்தவன் 'கிழவன் மண்டையைப் போட்டுட்டான்' என்று சொல்லிவிட்டால் தொலைந்தான். "சங்கு ஊதிட்டாங்கன்னா புரியுது, சாவுக்கு ஊதறாங்க. பால் ஊத்திட்டாங்கன்னாலும் புரியுது. மண்டையை எங்க போட்டாரு? மொதல்ல போட்டவன் யாரு?" 'டிக்கெட் வாங்கிட்டான்' என்றால் எந்த பஸ்ஸுக்கு என்று கேட்பாள். தேய்ந்துபோன வார்த்தை ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவன் சௌகரியமாக ஒளிந்திருக்கிறான் என்பது அவள் கட்சி. எனக்கு ஜாக்கெட் வெட்டுகிற அவசரம். போடி வாயாடி என்று விரட்டுவேன்.

அவள் தம்பி விக்கிக்கு வைட்ஃபீல்டில் வேலை. ஐ.டி. கட்டடங்களின் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கித் துடைக்க வேண்டும். கயிறு நைந்துவிட்டது என்று சூப்பர்வைசர் மஞ்சுநாத்திடம் சொல்லிச் சொல்லி அவன் வாய் வலித்ததுதான் மிச்சம். "நோட்கொள்ளோணா" என்பார் அந்த ஆள். பார்த்துக்கலாமாம். கன்னடத்திலும் சரி, தமிழிலும் சரி, இதைவிடக் கேடுகெட்ட வார்த்தை இந்த ஊரில் கிடையாது. பார்க்கவே போவதில்லை என்று முடிவு செய்தவன்தான் இதைச் சொல்வான். விக்கி இதை அக்காவிடம் மட்டும் சொன்னான். அம்மா சந்திரம்மா பயந்துவிடுவாள் என்று அவளிடம் மூச்சு விடவில்லை.

ஒருநாள் காலை கயிறு அறுந்தது.

ஆஸ்பத்திரியில் மஞ்சுநாத் சந்திரம்மாவிடம் வந்து, "உங்க பையன் சேஃப்டி பெல்ட்டை சரியா மாட்டலம்மா. என்ன பண்றது, விதி" என்றார். பெரிய மனுஷன் சொன்னால் பொய்யாக இருக்குமா? அந்த அம்மா மார்பில் அடித்துக்கொண்டு செத்த மகனையே திட்டத் தொடங்கினாள். "ஒரு பெல்ட்டு மாட்டத் துப்பில்லாம போச்சாடா உனக்கு!" சோனியா கயிற்றைப் பற்றிச் சொல்லப் போனாள். "உனக்கு இன்னாடி தெரியும்? கூட இருந்தவரு சொல்றாரு" என்று அம்மா அவளைத் தள்ளிவிட்டாள்.

உடலை வாங்குவதற்காகக் காத்திருந்தபோது ஓஸ்வால்ட் சோனியாவுக்குப் போன் செய்தான். மஞ்சுநாத் பேனர் கேட்கிறாராம், தமிழ் அடிக்க வேறு ஆள் இல்லையாம். "நம்ம விக்கிக்குத்தானேம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." அட்ஜஸ்ட்! நிரம்பி வழிகிற சீட்டில் இடம் தேடி வந்தவன்தான் இந்த வார்த்தையைக் கண்டுபிடித்திருப்பான். உட்கார்ந்திருந்தவன் சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டான். போனைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்கப் போனேன். அதற்குள், "வாக்கா, போலாம்" என்று சோனியா எழுந்துவிட்டாள்.

மஞ்சுநாத் அனுப்பியிருந்த வாசகம், 'எதிர்பாராத விதமாக நம்மை விட்டுப் பிரிந்த' என்று ஆரம்பித்தது.

"யாருக்கா எதிர்பாக்கல?" என்றாள் சோனியா. "விக்கி எதிர்பாத்தான். நான் எதிர்பாத்தேன். இவன்கிட்ட தெனமும் சொன்னானே!"

அந்த வரியை அழித்தாள். மஞ்சுநாத்தின் படத்தையும் அழித்தாள். விக்கியின் முகத்தைப் பேனர் முழுக்கப் பெரிதாக்கி, கீழே தமிழிலும் கன்னடத்திலும் அடித்தாள்: 'கயிறு நைந்துவிட்டது என்று விக்கி சொன்னான். பார்த்துக்கலாம் என்றார் மஞ்சுநாத். கயிறு அறுந்து விக்கி செத்தான்.'

"கடை மேல கல்லு விழும்டி" என்றான் ஓஸ்வால்ட்.

"விழட்டும். பிரிண்ட் போடுண்ணா."

அவன் என்னைப் பார்த்தான். நான் பார்த்த பார்வையில் மெஷினை ஓடவிட்டான். நாங்களே எடுத்துப் போய், அவள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற தெருமுனைக் கம்பத்தில் கட்டினோம்.

விக்கியை வீட்டு வாசலில் ஐஸ் பெட்டியில் வைத்த கொஞ்ச நேரத்தில் மஞ்சுநாத் மாலையோடு வந்தார். பேனரைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. "இதை யாரு போட்டது? மொதல்ல கழட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று கத்தினார்.

சந்திரம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னாடி எழுதியிருக்குது?" என்று கேட்டாள். தெருவே கேட்கும்படி சோனியா படித்தாள். சந்திரம்மா மஞ்சுநாத்தைப் பார்த்தாள். அவர் செல்போனைப் பார்த்தார். விக்கியோடு கயிற்றில் தொங்குகிறவர்களில் ஒருவன் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தான். "நெஜந்தாம்மா. எங்க எல்லார் முன்னாலயும்தான் சொன்னான். பெல்ட்டு நான்தான் மாட்டி வுட்டேன், சரியாத்தான் இருந்துச்சு."

மஞ்சுநாத்தின் சட்டையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் பிடித்திருப்பேன். சந்திரம்மா அந்த ஆளைத் தாண்டிப் போய் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் கவிழ்ந்தாள்.

"காலைலேர்ந்து உன்னையே திட்டிக்கினு இருந்தேனேடா கண்ணு" என்றாள். "நீ மாட்டிக்கினுதான்டா போயிருக்கே."