வீட்டு எண் இல்லாத கருத்து

போன வாரம் ஒரு குற்ற நாவலை வாங்கலாமா என்று இணையத்தில் வாசகர் கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் ஒதுக்கிய ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய், யாருமில்லாமல் அழியும் கதை. எதை வாங்கினாலும் கருத்துகளை வகைபிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. பழக்கம் அம்பாங்கானில் இருக்கும் என் வீடுவரை கூடவே வந்துவிட்டது. ‘ஒரே இருட்டு’ என்றார் ஒருவர். ‘இவனுக்கெல்லாம் இரக்கம் ஒரு கேடா’ என்றார் இன்னொருவர். பெயர் போடாத ஒருவர், ‘யாராவது அவனை ஒருமுறை உள்ளே கூப்பிட்டிருக்கலாம்’ என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது பெடாஸ் பக்கத்தில், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில் குடியிருந்தோம். கோயில் மண்டபத்தில் ஓர் அலமாரி நிறையப் பழைய நாவல்கள் இருந்தன. சாவி, தோட்ட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணியின் மனைவியிடம். கிராணியம்மா ஒரு விதி வைத்திருந்தார். படித்து முடித்தவர்கள், கடைசி அட்டையில் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு கருத்தும் தங்கள் வீட்டு எண்ணும் எழுத வேண்டும். பெயர் கூடாது; பெயர் போட்டால் சண்டை வருமாம். இருபது வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் எண் போட்டால் மட்டும் எப்படிச் சண்டை வராது என்று அவர் நம்பினாரோ தெரியாது.

என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால் இரண்டு பொறுப்புகள் எனக்கு: புத்தகத்தை வீடு வீடாகக் கொண்டுபோவது, தாள் கசங்கினால் கருத்துகளைப் புதுத் தாளில் எழுதி ஒட்டுவது.

அந்த வருடம் எல்லாரும் படித்தது, அட்டை கிழிந்த ஒரு நாவல். சிறைக்குப் போய் வந்தவனை ஊர் சேர்க்காது. அவன் அடியாளாகி, கொலைகாரனாகி, கடைசியில் தன் அக்காள் வீட்டு வாசலில் மழையில் செத்துக் கிடப்பான். கருத்துகள் இன்றும் எனக்கு வரிசையாக நினைவிருக்கின்றன.

எண் 4: கதை முழுக்க மழை. இவர்கள் துணியை எங்கே காயப்போடுகிறார்கள்?

எண் 7: செத்தது சரி. இன்னும் முன்னாலேயே செத்திருக்கலாம்.

எண் 15: அறுபதாம் பக்கத்தைக் காணோம். யார் கிழித்தது என்று எங்களுக்குத் தெரியும்.

எண் 12: கதவைத் திறக்காத அவளெல்லாம் ஓர் அக்காளா?

எண் 9: எல்லாரும் அக்காளைத் திட்டுகிறீர்கள். அவன் கதவைத் தட்டவே இல்லையே.

ஒன்பது எங்கள் வீடு. எழுதியது அம்மா.

அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, அப்போதுதான் சிறையிலிருந்து வந்திருந்தார். கெமாஸில் ஓர் அடிதடியில் ஒருவருக்குக் கால் போயிற்று என்பார்கள். லயத்தில் யாரும் அவரைச் சேர்க்கவில்லை. முன்பு வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போன, இப்போது ஆள் இல்லாமல் கிடந்த பழைய பிள்ளைக் கொட்டகையில் தங்கியிருந்தார். “அவன் இந்தத் தோட்டத்துல இருக்கிறவரைக்கும் கதவு சாத்தியே இருக்கணும்” என்று அப்பா சொல்லிவிட்டார். நான் அவரோடு பேசவும் கூடாது.

தன் கருத்தை எழுதிவிட்டு அம்மா புத்தகத்தை என்னிடம் தந்தபோது, “வழியில யாரு கேட்டாலும் குடுத்துட்டு வா. புக்கு படிக்கத்தானே இருக்கு” என்றார். கொட்டகை வழியாகச் சுற்றிப் போகச் சொன்னதும் அவர்தான். வெயில் குறைவு என்றார்.

வழியில் மாமா கேட்டார். கொடுத்தேன்.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை, பொதுக்குழாயடியில் திருப்பித் தந்தார். “என்ன பாஸ், எத்தனை நாள் லேட்டு? பைன் உண்டா?” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறிடுவேன்லா. அதுக்குள்ள இது உங்கம்மா கைக்கு ஒருதடவ போயிடுமாம்மா?” என்று கேட்டார்.

“புதுத் தாள் ஒட்டணும் மாமா. ஒட்டிட்டுக் குடுக்கிறேன்” என்றேன் மிகவும் பொறுப்பாக.

அவர் எழுதியிருந்தது இது: ‘தட்டினால் அக்காளுக்குத் தொல்லை வரும் என்று பயந்திருப்பான். வா என்று அவள் ஒரு வார்த்தை எழுதினால் தட்டுவான்.’

அடியில் எண் இல்லை. கொட்டகைக்கு எண் கிடையாது.

அன்று மாலை புதுத் தாளில் எழுத உட்கார்ந்தேன். எண் இல்லாத வரியை எங்கே சேர்ப்பது என்று யோசித்தேன். கிராணியம்மா யாருடையது என்று கேட்டால், நான் மாமாவுக்குப் புத்தகம் கொடுத்தது அப்பா காதுக்குப் போகும். விதியும் பயமும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டதால் முடிவெடுப்பது சுலபமாக இருந்தது. அந்த வரியை விட்டுவிட்டேன். பழைய தாள் மண்டபத்துக்குப் பின்னால் குப்பை எரிக்கும் குழிக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை அம்மா அந்தப் புத்தகத்தை இரண்டாம் தடவையாகக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்ததும் கதையைத் திறக்கவில்லை. கடைசி அட்டையைத்தான் திறந்தார். விரல் ஒவ்வொரு எண்ணாக இறங்கியது.

“எல்லாத்தையும் எழுதிட்டியா?”

“எழுதிட்டேம்மா. நம்பர் இல்லாதத மட்டும் விட்டுட்டேன்.”

“நம்பர் இல்லாதது இருந்துச்சா?”

“ஒண்ணு.”

“என்ன எழுதியிருந்துச்சு?”

வாசற்படியில் அப்பா குலை வெட்டும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டும் சத்தம் சட்டென்று நின்றது.

“ஞாபகம் இல்லம்மா” என்றேன்.

அம்மா புத்தகத்தை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து, பூ பறித்துவருவதாகச் சொல்லிவிட்டு மண்டபத்துப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது பூ இல்லை, முழங்கைவரை கரி. நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற வெகுநேரம் தேய்த்துக் கழுவினார். தாளை முழுசாக எரித்தேனா என்று சோதிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். விதிகளில் என் அம்மாவும் என்னைப் போலவே கறாரானவர் என்று பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் மத்தியானம் அப்பா வேலைக்காட்டில் இருந்தார். மாமா ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு எதிரே பொதுக்குழாயடிக்கு வந்தார். முகம் கழுவினார். எங்கள் கதவைப் பார்த்தார். திரும்பவும் கழுவினார். வாசற்படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, “அம்மா புக்கைப் பார்த்துட்டாங்களா?” என்று கேட்டார்.

“பார்த்துட்டாங்க மாமா.”

“ஏதாச்சும் எழுதினாங்களா?”

“ஒண்ணும் எழுதல.”

தலையாட்டினார். குழாயை இறுக்கி மூடிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தார். அதன்பிறகு நாங்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை.

நான் உள்ளே போகக் கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை; தட்டினேன். பலகை இடுக்கில் பார்த்தேன்; மறுபக்கத்தில் அம்மா கதவை ஒட்டியே நின்றிருந்தார். கை தாழ்ப்பாளில் இருந்தது.

“தட்டினது யாரு?” என்று கேட்டார்.

“நான்தாம்மா” என்றேன்.

கதவைத் திறக்க அம்மா ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு அன்று புரியவில்லை.