கண்மாய்க் கரையில் ஓடியவன்

மலை ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேனே தவிர, விஸ்வநத்தம் பக்கம் ஏறி இறங்கிப் பழக மேடு ஏது? இருந்தது ஒரு கண்மாய்க் கரை. அச்சகத்தில் இரவு ஷிப்ட் முடித்து, காலண்டர் சீசனின் அலுப்போடு, காலையில் அதில்தான் மாங்கு மாங்கென்று ஏறி இறங்குவேன். கால் இரண்டும் கல்லாய்க் கனக்கும்.

ஒருநாள் கரையிலிருந்து இறங்கி, பட்டாசுக் கம்பெனி வேலியை ஒட்டி வேகமாக ஓடினேன். உள்ளே திரி செருகிக்கொண்டிருந்த பெண்களில் யாரோ என்னைப் பார்த்து அலறினார். அடுத்த நொடி எல்லா அறைகளிலிருந்தும் பெண்கள் வெறுங்காலோடு கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள். எதுவும் வெடிக்கவில்லை. காலில் தைத்த முள்ளைப் பிடுங்கியபடி திரும்பி வந்த ஓர் அக்கா வேலியருகே நின்றார்.

"எதுக்குய்யா ஓடுன?"

"பந்தயத்துக்குப் பழகுறேன்க்கா."

அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "இங்கன ஒருத்தர் ஓடுனா நாங்க அம்புட்டுப் பேரும் ஓடணும்யா. நடந்து போ."

அதன்பிறகு அந்த வேலியோரம் நடந்தேதான் போனேன். பந்தயத்தன்று மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் குனிந்து வேலை பார்ப்பது தெரிந்ததும் என் ஓட்டம் தானாக நடையானது. பின்னால் வந்தவர்களெல்லாம் என்னைத் தாண்டி ஓடினார்கள். தோட்டத்தில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.