முகத்துவாரத்தில் மாத்தளைக்காரர் முறை

சூசை அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் தொழிற்சாலை வாசலில் கொழுந்து லொறிக்காகக் காத்து நின்றேன். அவருடைய மகள் ரீட்டாதான் போனில் பேசினாள். “சித்தப்பா, அப்பா போயிட்டாரு. காலையில தேத்தண்ணி கேட்டாரு, கொண்டு வர்றதுக்குள்ள...” எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். வரும் ஞாயிறு கடற்கரையில் எங்கள் முறை. இரை வாங்கி வைக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டு, இந்த மனிதர் இப்படிச் செய்யலாமா?

மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் அவர் பிட்டர், நான் கணக்கெழுதும் கிளாக்கர். உங்களில் பலருக்கு அவரை மெஷின் திருத்துபவராகத்தான் தெரியும். திருகோணமலைப் பக்கத்து முகத்துவாரம் ஒன்றில், கரையில் நின்று திருக்கை மீன் பிடிக்கத் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்த ஒரே மலைநாட்டுக்காரர் அவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் சொல்லிக்கொள்ள மாட்டார். அதனால் நான் சொல்கிறேன், நெஞ்சை நிமிர்த்தியே சொல்கிறேன்.

இலை உருட்டும் மெஷின் முரண்டு பிடித்தால் மற்றவர்கள் உடனே ஸ்பேனரை எடுப்பார்கள். சூசை அண்ணன் ஸ்குரூட்ரைவரின் முனையை மெஷினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை வந்து கத்தினாலும் அசைய மாட்டார். “கழட்டுறதுக்கு முன்னால கேளுங்க, கிளாக்கரையா. எங்க வலிக்குதுன்னு அதுவே சொல்லும்” என்பார்.

முதல் தடவை கடற்கரைக்குப் போனபோது அவர் இரண்டு பிளாஸ்க் கொண்டுவந்தார். ஒன்றில் பிளேன்டீ, மற்றதில் வெறும் சுடுதண்ணீர். “என்ன அண்ணே, குழந்தைக்குப் பால் மா கரைக்கப் போறீங்களா?” என்று கேலி செய்தேன். தண்ணீரில் இறங்கும்போது, “காலை இழுத்து இழுத்து நடங்க. மணலுக்குள்ள திருக்கை படுத்திருக்கும், கால் பட்டா விலகிப் போயிரும். மிதிச்சா குத்தும்” என்று சொன்னார். மாத்தளைச் சந்தையில் மீன் விற்பவரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தார். அவர் சொன்னதற்குத் தலையாட்டினேன். ஆனால் பிறந்ததிலிருந்து ஏற்றத்திலும் கல்லிலும் நடந்த கால் அல்லவா? பத்து எட்டுக்குள் பழக்கம் வந்துவிட்டது. தூக்கி வைத்தேன், மிதித்தேன். அந்த வலியை என் பகைவனுக்கும் வேண்டமாட்டேன். அண்ணன் என்னைக் கரைக்குத் தூக்கி வந்து, வாளியில் கொஞ்சம் கடல்நீர் விட்டு, சூடு பதம் பார்த்துப் பார்த்து அந்தச் சுடுதண்ணீரை ஊற்றி என் காலை வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அந்தச் சூடுதான் வலியை அடக்கி என் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அன்றிலிருந்து பிளாஸ்க்கைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை.

கரையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முறைகளைப் பார்த்துக்கொள்பவர் காசிம் காக்கா, அங்கே எல்லோருக்கும் அண்ணன். கடல் வற்றி, வற்று நீர் ஓடும் நேரத்தில் முகத்துவாரத்தின் ஓரத்தில் யார் நிற்பது என்பதற்கு அங்கே நாள் வைத்த முறை உண்டு. ஒருவர் முறையில் இன்னொருவர் நூல் போட மாட்டார். தனக்கும் மாதத்தில் ஒரு நாள் முறை தரும்படி அண்ணன் அவரிடம் கேட்டார். “ஒங்கட மலையில போய் அட்டை புடிங்க தம்பி. இது ஒங்களுக்குரிய இடமில்ல” என்றார் காக்கா. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அண்ணன் “சரிங்க காக்கா” என்று தள்ளிப் போய்க் கரையின் கடைசியில் நின்றார். மாதம் ஒரு ஞாயிறாக ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தக் கடைசியில்தான் நின்றோம். விட்டுவிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், “அவங்க இடம், அவங்களே பார்த்துத் தரட்டும்” என்பார். அந்த முறையின் மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அந்தக் கடைசியிலேயே அவருடைய தூண்டிலில் ஏதோ மாட்டி, பிறகு அசையாமல் நின்றுவிட்டது. திருக்கை மணலில் ஒட்டிக்கொண்டால் அப்படித்தான். இழுத்தால் நூல்தான் அறும். காசிம் காக்கா வந்து பார்த்துவிட்டு, “அது கல்லு தம்பி, அறுத்துட்டுப் போ” என்றார். அண்ணன் இறுகிய நூலில் ஒரு விரலை வைத்துக் கண்ணை மூடினார். மெஷின் முன்னால் நிற்கும் அதே முகம்.

“கல்லு மூச்சு விடுமா காக்கா?”

நூலை விரலால் சுண்டுவார், நிறுத்துவார், மறுபடி சுண்டுவார். அரை மணி நேரம் அதுதான் வேலை. திருக்கைக்குப் பொறுக்கவில்லை போலும், எழும்பியது. கரைக்கு வந்தபோது கதவில் பாதி அகலம் இருந்தது. வாலை ஈரச் சாக்கால் சுற்றிவிட்டு வயிற்றைப் பார்த்தார். புடைத்திருந்தது; உள்ளே குட்டிகள். யாரையும் கேட்காமல் தூண்டிலைக் கழற்றி, “பிடிங்க கிளாக்கரையா” என்றார். இருவருமாக அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோய் விட்டோம். ஒரு வருடம் காத்து நின்று பிடித்த மீன்!

காசிம் காக்கா தண்ணீர் ஓரம்வரை வந்து அது போவதைப் பார்த்தார். பிறகு, “குட்டியோட வாறத எங்கட வாப்பாவும் விட்டுருவாரு” என்றார். “மாசத்துல முதல் ஞாயிறு என்ட முறை. இனி அது ஒனக்கு.” அந்த நாளுக்கு அங்கே மாத்தளைக்காரர் முறை என்றே பெயராகிவிட்டது.

அடக்கம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. காசிம் காக்காவும் இன்னும் மூன்று பேரும் விடியற்காலை பஸ் பிடித்து வந்திருந்தார்கள். “சூசைத் தம்பிட மௌத்துக்கு வராம இருப்பமா?” என்றார் காக்கா. கல்லறைக்குப் போகும் ஏற்றத்தில் மழை பெய்திருந்தது. மணலில் நடந்து பழகிய அவர்கள் காலை இழுத்து இழுத்து வைத்து வழுக்கினார்கள். காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “தூக்கி வைங்க காக்கா, காலைத் தூக்கி வைங்க” என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அண்ணன் இருந்திருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே என்னை வாட்டியிருப்பார்.

திரும்பி இறங்கும்போது காக்கா நின்றார். “இண்டைக்கு ஒங்கட முறை. முகத்துவாரத்துல ஒருத்தரும் நூல் போடல்ல. அந்த இடம் சும்மாதான் கிடக்கு. வாற மாசம் நீங்க வந்துரணும்.”

தூண்டில் கம்பை ரீட்டா வைத்துக்கொண்டாள். சுடுதண்ணீர் பிளாஸ்க் என்னிடம் இருக்கிறது. முதல் ஞாயிறு அதை நிரப்பிக்கொண்டு போவேன். காலை இழுத்து இழுத்துத்தான் இறங்குவேன், அண்ணே.